வாசகர் கேள்வி பதில்: வளவுக்கு வரும் வௌவால்கள்

கறுத்தக் கொழும்பான் மாம்பழம் பழுக்கத் தொடங்கினால் வௌவாலைப் பற்றிய கடிதங்களும் வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றில் பொதுவான கேள்விகளைத் தெரிந்து பதில் தந்திருக்கிறோம். அநேகர் "வௌவால் தொல்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். மாமரத்துக்கு வருவது ஒன்று, கூரைக்குள் கிடப்பது இன்னொன்று. எது என்று தெரிந்தால்தான் என்ன செய்யலாம் என்று சொல்லமுடியும். அதனால் முதற் கேள்வியை எல்லோருமே வாசியுங்கள்.

மைம்மல் நேரத்தில் எங்கள் வளவுக்கு மேலால் பெரிதும் சிறிதுமாக வௌவால்கள் பறக்கின்றன. சிறியவை பெரியவற்றின் குட்டிகளா?
*வாசகி, கொக்குவில்*

இல்லை, அவை வேறு இனங்கள். இலங்கையில் சுமார் 30 இன வௌவால்கள் உண்டு. யாழ்ப்பாணத்து வளவில் நின்று பார்ப்பவர் நாலைந்தைப் பிரித்தறிந்தால் போதும்.

உயரத்தில், நேராக, காகத்தைப்போல நிதானமாகச் சிறகடித்துப் போவது பெரிய பழந்தின்னி வௌவால். விரித்த சிறகின் அகலம் 1.2 முதல் 1.5 மீற்றர் வரை வரும். எடை ஒரு கிலோவை ஒட்டியிருக்கும். முகம் நரிமுகம், கழுத்தைச் சுற்றிச் செம்பழுப்பு மயிர். பகலில் ஆல், மருது போன்ற உயர்ந்த மரங்களில் வெளிப்படையாகக் கூட்டமாய்த் தொங்கும். பூச்சிதின்னி வௌவால்களைப்போல இது ஒலியெழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு வழி பார்ப்பதில்லை. கண்ணையும் மூக்கையும் நம்பியே பறக்கிறது. வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். ஒரு கூட்டத்தைச் சுட்டோ வெடி கொளுத்தியோ அழித்தால் அது மீண்டுவர நெடுங்காலம் பிடிப்பது இதனால்தான்.

கொய்யா மரத்துக்கும் பப்பாசிக்கும் தாழப் பறந்து வருவது குறுமூக்குப் பழந்தின்னி. எடை 40 முதல் 50 கிராம் வரைதான். காதின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். கருஞ்சிறகில் விரலெலும்புகள் வெளிறித் தெரியும். பனையோலைக்கு அடியிலும் நெட்டிலிங்க மரத்திலும் பகலில் தங்கும். பழத்தை மரத்திலிருந்து தின்னாது. கவ்விக்கொண்டு போய் வேறோர் இடத்தில் தொங்கித் தின்னும். சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் தட்டையான உருண்டையாகத் துப்பும். காலையில் விறாந்தைச் சுவரில் கறையும் கீழே சக்கையும் விதையும் கிடந்தால் இரவு அங்கே தொங்கியது இதுதான்.

திடீர் திடீரெனத் திரும்பி, வளைந்து, வீதி லைற்றைச் சுற்றிப் பறப்பவை பூச்சிதின்னிகள். இவற்றுட் சிறியவை 3 முதல் 5 கிராம்தான் இருக்கும். காவோலைக்குள்ளும், ஓட்டுக்கும் வளைக்கும் இடையிலும், சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருக்கும். இவை பழத்தைத் தொடுவதேயில்லை.

பாழடைந்த வீட்டுக்குள்ளோ பழைய மண்டபத்திலோ, நெற்றியில் இணைந்த பெரிய காதுகளுடன் ஒன்று தொங்கினால் அதன் கீழே நிலத்தைப் பாருங்கள். தவளைக்கால், வெட்டுக்கிளிச் சிறகு, சில வேளை சுண்டெலியின் வால் கிடக்கும். பெருங்காது வௌவால் விட்ட மிச்சம் அது. இரத்தம் குடிக்கும் வௌவால் இலங்கையில் கிடையாது. அவை தென், மத்திய அமெரிக்காவுக்கு உரியவை.

வாழைத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். செம்மஞ்சளும் கறுப்புமாகச் சிறகுள்ள, விரலளவான வௌவால் ஒன்று காய்ந்து தொங்கும் வாழைச் சருகுக்குள் பகலில் உறங்கும். சருகை அரியுமுன் தடியால் ஒருதரம் மெல்லத் தட்டுங்கள். பறந்துவிடும்.

முந்திரிகைப் பந்தலுக்குப் பழைய மீன்வலை கட்டினேன். வௌவால்கள் சிக்கிச் சாகின்றன, ஒரு நாள் ஆந்தையும் சிக்கியது. ஆனாலும் பழம் குறைந்தபாடில்லை. மாமரத்தில் பல்ப் எரியவிட்டும் பயனில்லை.
*தோட்டக்காரர், இணுவில்*

நீங்கள் கட்டியது தங்கூசி வலை என்று நினைக்கிறோம். இதற்கு அதைவிடக் கெடுதலான வலை இல்லை. இழை மெல்லியது, இருட்டில் தெரியாது, வலைக்கண் பெரியது. தளர்வாகத் தொங்கும்போது சிறகு சுற்றிக்கொள்கிறது. சிக்கிய விலங்கு துடிக்கத் துடிக்க இழை தோலை அறுக்கும். வௌவால், ஆந்தை மட்டுமல்ல, சாரைப்பாம்பும் உடும்பும் சிக்கும். பழம் குறையாததற்குக் காரணம், வலை குலையோடு ஒட்டிக் கிடப்பதுதான். வௌவால் வெளியே தொங்கியபடியே கண்ணுக்குள்ளால் வாயை நீட்டித் தின்கிறது.

சரியான வலை இப்படி இருக்கவேண்டும். இழை பின்னியதாக, தடிப்பாக இருக்கட்டும். இழுத்துப் பிடித்தாலும் கண் 5 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. சின்னி விரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம். நிறம் வெள்ளை; இரவில் வௌவாலின் கண்ணுக்கு அது தெரியும், முட்டாமல் விலகும்.

கட்டும் முறைதான் பாதி வேலை. பந்தற் கால்களுக்கு வெளியே தனியாகத் தடி நட்டு, குலையிலிருந்து குறைந்தது 30 சென்ரிமீற்றர் தள்ளி வலை நிற்கும்படி செய்யுங்கள். மேளத்தோல் போல இறுக்கமாக இழுத்துக் கட்டுங்கள். மேலே மட்டும் போட்டுவிட்டுப் பக்கங்களைத் திறந்துவிட்டால் வௌவால் பக்கத்தால் வரும், வெளியேறத் தெரியாமல் உள்ளே சுற்றும். நாலு பக்கமும் நிலம்வரை இறக்கி, அடியை மண் போட்டு மூடுங்கள். பழம் நிறம் மாறத் தொடங்கும்போது கட்டி, அறுவடை முடிந்தவுடன் கழற்றுங்கள். வருடம் முழுக்கக் கிடந்தால் வெயிலில் இழை இற்று ஓட்டை விழும். ஓட்டை வலை பொறிதான். கட்டிய நாட்களில் காலையில் ஒருதரம் சுற்றிப் பார்க்கவேண்டும். ஏதாவது சிக்கியிருந்தால் இழுத்து எடுக்காதீர்கள். தடித்த துவாயால் மூடிப் பிடித்து, வலையைக் கத்தரியுங்கள்.

முழுப் பந்தலுக்கும் வலை வாங்க வசதியில்லையென்றால் குலைக்குக் குலை மெல்லிய துணிப்பை கட்டலாம். வேலை அதிகம்தான். ஆனால் பறவைக்கும் குளவிக்கும்கூட அது தடை.

மாமரத்துக்கு வருவோம். உயர்ந்த மரம் முழுவதையும் வலையால் மூடுவது நடக்காத காரியம், அதற்குத் தேவையும் இல்லை. வௌவால் தேடி வருவது மரத்திலேயே பழுத்து மணக்கும் பழத்தை. முற்றிய காயாகவே இறக்கிவிட்டால் பெரும்பங்கு தப்பிவிடும். காம்படியில் தோள் இரண்டும் திரண்டு உயர்ந்திருப்பது முற்றியதற்கு அடையாளம். சந்தேகமென்றால் ஒன்றிரண்டைப் பறித்து வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றியது தாழும், முற்றாதது மிதக்கும். கொக்கத்தடியில் பை கட்டி, காம்பு இரண்டு விரலளவு நிற்கப் பறித்து, வைக்கோலுக்குள் வைத்தால் வீட்டிலே பழுக்கும்.

கைக்கெட்டும் கிளைகளில், காய் கோழிமுட்டை அளவானதும் இரட்டைத் தாளில் பை செய்து கட்டலாம். பையின் அடிமூலையைச் சிறிது வெட்டிவிட மறக்கவேண்டாம். இல்லாவிட்டால் ஈரம் தங்கிக் காம்பு அழுகும். பழ ஈயின் குத்தலையும் இந்தப் பை தடுக்கும். பெரிய வௌவால் கூட்டமாக வரும் மரத்தில் தாள் கிழிபடலாம். அங்கே துணிப்பைதான் சரி.

பல்ப், தகரம் தட்டுதல், வெடி எல்லாம் சில இரவுகளுக்குத்தான். ஆபத்து இல்லையென்று கண்டதும் திரும்பி வந்துவிடும். அந்த வெளிச்சம் உண்மையில் விரட்டுவது இருட்டையே விரும்பும் வேறு சில பூச்சிதின்னிகளை.

வெங்காயமும் நெல்லும் செய்கிறேன். வௌவாலால் எனக்கு என்ன பயன்?
*விவசாயி, புத்தூர்*

வெங்காயத் தாளுக்குள் இருந்து அரிக்கும் பச்சைப்புழு, இரவில் பறக்கும் அந்துப்பூச்சி இட்ட முட்டையிலிருந்து வந்தது. புகையிலையையும் மிளகாயையும் தின்னும் புழுவும் அப்படியே. பகலில் மைனாவும் கரிக்குருவியும் புழுவைப் பொறுக்கும். இரவில் தாய்ப்பூச்சியைப் பறப்பிலேயே பிடிப்பது வௌவால்தான். முட்டையிடுமுன் ஒரு பெண் அந்து போனால் அதன் பின்னால் வரவிருந்த புழுக்களும் போகும்.

நெல்லுக்கு ஓர் ஆய்வு இருக்கிறது. தாய்லாந்தில் சுருக்குதட்டு வௌவால் என்ற ஒரே இனம் வெண்முதுகுத் தத்தி என்ற நெற்பூச்சியைத் தின்பதால் காப்பாற்றப்படும் நெல்லை 2014 இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வருடத்துக்கு ஏறத்தாழ 2,900 தொன். சுமார் 26,000 பேருக்கு ஒரு வருடச் சோறு. அந்த இனம் இலங்கையிலும் உண்டு.

வௌவால் இருந்தால் மருந்தே அடிக்கத் தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. பூச்சி பெருகிவிட்டால் வௌவால் மட்டும் போதாது. பெருகாமல் வைத்திருப்பதே அதன் வேலை. அதற்கு நீங்கள் செய்யக்கூடியவை சில. எல்லைப் பனைகள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் காவோலை தட்டாதீர்கள். வீட்டுக்கும் பாதைக்கும் தள்ளி நிற்கும் நாலைந்து பனைகளில் விட்டுவையுங்கள். வேலிப் பூவரசையும் கிளுவையையும் அடியோடு வெட்டிக் கம்பியடிக்காதீர்கள். சிறிய வௌவால்கள் மரவரிசையை ஒட்டியே பறந்து வேட்டையாடும். மருந்து அடித்தே ஆகவேண்டுமென்றால் பின்னேரத்தைத் தவிருங்கள். நஞ்சேறி மெல்லப் பறக்கும் பூச்சிதான் அன்றிரவு வௌவாலின் வாய்க்கு முதலில் அகப்படும்.

கோயில் வீதியில் நிற்கும் இலுப்பைக்கு இரவில் வௌவால்கள் மொய்க்கின்றன. பூவெல்லாம் கொட்டுகிறது. மரத்துக்குக் கெடுதலா?
*வாசகர், அளவெட்டி*

கெடுதல் இல்லை. கொட்டுவது பூவின் சதைப்பற்றான இதழ்க்குழல்தான், அது தானாகவும் உதிரும். வௌவால் இனிப்புக்காக அதைப் பிடுங்கும்போது மகரந்தம் மூஞ்சியில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. பின்னர் காய் பழுத்ததும் பழத்தைக் கவ்விக்கொண்டு போய்ச் சதையைத் தின்று விதையைப் போட்டுவிடுகிறது. தாய்மரத்து நிழலுக்கு வெளியே இலுப்பங்கன்று முளைப்பதில் இதற்குப் பெரிய பங்குண்டு. விளக்குக்கு இலுப்பெண்ணெய் வேண்டுமென்றால் வௌவாலும் வேண்டும்.

இலவமும் அப்படியே இரவில் பூத்து வௌவாலை அழைக்கும் மரம். நெடுந்தீவுப் பெருக்க மரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் தாயகமான ஆபிரிக்காவில் மாலையில் விரியும் அந்தப் பெரிய வெள்ளைப் பூவுக்குப் பழந்தின்னி வௌவால்கள் வருகின்றன. வாழைப்பொத்தியிலும் தேன் குடிக்க வரும். நாம் நடும் வாழை மகரந்தம் இல்லாமலே காய்ப்பதால் அதனால் நட்டமும் இல்லை, இலாபமும் இல்லை. ஆல், அரசு, அத்தி விதைகள் வௌவாலின் வயிற்றில் நெடுநேரம் தங்காமல் பறக்கும்போதே எச்சத்தோடு விழும். மதில் வெடிப்பில் ஆலங்கன்று முளைத்து உங்களுக்கு வேலை வைப்பதும் இதனால்தான். அதைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

ஓட்டுவீட்டுச் சீலிங்குக்குள் வௌவால் புகுந்துவிட்டது. நாற்றம் தாங்கமுடியவில்லை. பூச்சியுருண்டை போட்டும் புகை பிடித்தும் பார்த்தோம்.
*வாசகி, சாவகச்சேரி*

முதலில் வௌவால்தானா என்று பாருங்கள். எச்சத்தில் ஒரு துண்டைத் தடியால் நசுக்குங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்து, பூச்சிச் சிறகின் துணுக்குகள் மினுங்கினால் வௌவால். நுனியில் வெள்ளை இருந்தால் பல்லி. நசுங்காமல் களியாகவோ கட்டியாகவோ இருந்தால் எலி.

புகையும் பூச்சியுருண்டையும் வேண்டாம். புகைக்கு மயங்கியவை சுவருக்குள் விழுந்து செத்தால் இப்போதைய நாற்றம் பெரிதாகத் தெரியாது. உருண்டையின் ஆவி கீழே படுத்திருக்கும் உங்களுக்கும் கெடுதல்.

செய்யவேண்டியது, அவை தாமே வெளியேறித் திரும்பமுடியாமல் ஆக்குவது. பொழுதுபடும்போது வீட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவர் நின்று எந்த இடுக்கால் வெளியே வருகின்றன என்று பாருங்கள். முகட்டோட்டு விளிம்பும் தாழ்வாரத்து மூலையும்தான் அநேகமாக வழி. எல்லாம் போனபின் சீலிங்கில் காது வைத்துக் கேளுங்கள். உள்ளே இன்னும் கீச்சுச் சத்தம் வந்தால் பறக்கத் தெரியாத குட்டிகள் இருக்கின்றன. சத்தம் ஓயும்வரை சில வாரம் பொறுங்கள். இப்போது அடைத்தால் குட்டிகள் உள்ளேயே செத்து அழுகும், தாய்கள் வழி தேடி வீட்டுக்குள் வரும்.

குட்டியில்லையென்று தெரிந்ததும், முக்கிய வழியைத் தவிர மற்ற இடுக்குகளைச் சாந்தோ கம்பிவலையோ வைத்து அடையுங்கள். பெருவிரல் நுழையாத இடுக்கும் சிறிய வௌவாலுக்கு வாசல்தான், ஒரு சென்ரிமீற்றரைக்கூட விடாதீர்கள். முக்கிய வழிக்கு மேலே சிறுகண் வலைத்துண்டொன்றை மேற்புறமும் இரு பக்கமும் மட்டும் ஆணியடித்து, கீழ்ப்புறம் அரை மீற்றர் தொங்கவிடுங்கள். வெளியே வருவது அடியால் நழுவிப் பறந்துவிடும். திரும்பி வருவது பழைய வாசலிலேயே முட்டும், அடியால் ஏறத் தெரியாது. ஒரு கிழமை விட்டு, மாலையில் ஒன்றும் வெளிவரவில்லையென்று இரண்டு நாள் பார்த்து, அந்த வழியையும் அடையுங்கள்.

எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டவேண்டாம். நாட்பட்ட எச்சத்தின் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். முகக்கவசமும் கையுறையும் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து அள்ளுங்கள். அள்ளியதை எறியாதீர்கள், தழைச்சத்து நிறைந்த பசளை அது. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு கூட்டெரு கலந்து ஆறவிட்டுப் போடுங்கள். பச்சையாகச் செடியடியில் கொட்டினால் வேர் கருகும்.

வௌவால் கடித்த கொய்யாவைப் பிள்ளைகள் தின்கிறார்கள். கருப்பணி முட்டியிலும் வௌவால் குடிக்கிறதாம். நிபா வருமா?
*தாய், பருத்தித்துறை*

நிபா, பழந்தின்னி வௌவாலிலிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய வைரஸ் நோய். இலங்கையில் மனிதருக்கு அது தொற்றியதாகப் பதிவில்லை. ஆனால் பயம் காரணமில்லாததும் அல்ல. வங்காளதேசத்தில் அந்த நோய் பரவிய முக்கிய வழிகளில் ஒன்று, இரவில் வௌவால் நக்கிய ஈச்சஞ்சாற்றைக் காய்ச்சாமல் குடித்தது. கேரளத்தில் 2018 இல் கோழிக்கோட்டுப் பக்கம் பரவியது. ஆகவே பல்பட்ட பழத்தை, அந்தப் பகுதியை வெட்டிவிட்டும் தின்னவேண்டாம். முழுப்பழத்தைக் கழுவித் தோல்சீவித் தின்னலாம். சீவல்காரரிடம் பாளையையும் முட்டியின் வாயையும் சிறுகண் வலையால் மூடிக் கட்டச் சொல்லுங்கள். காய்ச்சி எடுக்கும் பனங்கட்டிக்குப் பயமில்லை.

இங்கே கூடுதலாகக் கவனிக்கவேண்டியது கடி. கண்டி மாவட்டத்துக் கன்னொறுவையில் செத்தும் சாகக் கிடந்தும் எடுக்கப்பட்ட பெரிய பழந்தின்னிகளில், விசர்நாய்க்கடி வைரசின் உறவான ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதாக 2016 இல் அறிவித்தார்கள். மரத்தில் தொங்குவதாலோ மேலே பறப்பதாலோ அது தொற்றாது. கடித்தாலோ பிறாண்டினாலோ, காயம் ஊசிமுனை அளவே என்றாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "வௌவால்" என்று வாய்திறந்து சொல்லுங்கள். நாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசிதான்.

வௌவால் இறைச்சி தொய்வுக்கு (ஆஸ்துமாவுக்கு) நல்லதா? தலைமயிரில் சிக்குமா?
*வாசகர், காரைநகர்*

இரண்டும் இல்லை. இறைச்சியால் தொய்வு மாறாது. பிடித்து உரிப்பவர்தான் கடிபடவும் இரத்தம் படவும் கையைக் கொடுக்கிறார். தலைக்கு மேலே வளைவது உங்களைச் சுற்றும் நுளம்புக்காக.

நிலத்தில் விழுந்து கிடக்கும் வௌவாலை என்ன செய்வது?
*வாசகி, சங்கானை*

வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் நாயையும் விலக்குங்கள். தடித்த துவாயை மேலே போட்டு, துவாயோடு எடுத்து, காற்றோட்டத் துளையிட்ட மட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். தொங்குவதற்கு உட்பக்கம் ஒரு துணி இருக்கட்டும். தண்ணீருக்குச் சிறிய மூடியொன்று போதும், பசுப்பால் கொடுக்கவேண்டாம். அநேக வௌவால்களுக்கு நிலத்திலிருந்து எழும்பிப் பறப்பது கடினம். காயமில்லாவிட்டால் பொழுதுபட்டதும் ஆளுயரத்துக்கு மேல் மரத்தண்டில் பெட்டியைச் சாய்த்துப் பிடியுங்கள், ஏறிப் போய்விடும். காயமென்றால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ மிருக வைத்தியருக்கோ சொல்லுங்கள். மின்கம்பியில் பெரிய வௌவால் செத்துத் தொங்கினால் நெஞ்சில் குட்டி உயிரோடு பிடித்திருக்கலாம். மின்சார சபைக்கு அறிவியுங்கள். தடியால் தட்டப் போகவேண்டாம்.

பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு வௌவாலை ஆராய விரும்புகிறோம். கருவி எதுவும் எங்களிடம் இல்லை.
*10ஆம் தர மாணவிகள், மானிப்பாய்*

கருவி தேவையில்லை. பூச்சிதின்னியின் ஒலி நம் காதுக்கு எட்டாத 20 கிலோஹேர்ட்சுக்கு மேலே என்பதால் கேட்டு ஆராயமுடியாது. பார்த்தும் பொறுக்கியும் ஆராயலாம்.

ஒன்று, எண்ணிக்கை. வௌவால் தங்கும் கட்டடமொன்றைப் பெரியவர் ஒருவரோடு போய்த் தெரிவுசெய்து, வெளிவரும் வழி மேற்கு வானத்தின் வெளிச்சத்தில் தெரியும்படி நில்லுங்கள். சூரியன் மறைந்ததிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரியாக, ஒருவர் எண்ண ஒருவர் எழுதவேண்டும். வெளியே வந்ததைக் கூட்டி, திரும்பி உள்ளே போனதைக் கழியுங்கள். ரோச் லைற்றுக்குச் சிவப்புத் தாள் கட்டுங்கள். வழியில் நேராக அடித்தால் வெளிவரத் தயங்கும், கணக்குப் பிழைக்கும். நிலவு, மழை, காற்று மூன்றையும் பக்கத்தில் குறியுங்கள்.

இரண்டு, விதை. குறுமூக்குப் பழந்தின்னி தொங்கித் தின்னும் இடத்தின் கீழே மாலையில் ஒரு பழைய சாக்கை விரியுங்கள். காலையில் கையுறை போட்டுச் சக்கையையும் விதையையும் பொறுக்கி, எந்த மரத்துடையவை என்று பிரியுங்கள். பிறகு கொய்யா விதையில் 50 வௌவால் துப்பியது, 50 நீங்கள் பழத்திலிருந்து எடுத்துக் கழுவியது, 50 சதையோடு கூடியது என மூன்று தட்டுகளில் ஒரே மண்ணில் ஊன்றி, ஒரே அளவு தண்ணீர் விடுங்கள். நாளுக்கு நாள் முளைத்ததை எண்ணி வரைபு கீறுங்கள். சதையோடு ஊன்றிய தட்டில் பூஞ்சணம் பிடித்தால் எறிந்துவிடாமல் அதையும் எழுதுங்கள், அதுவும் பெறுபேறுதான். கொய்யா மெதுவாகவே முளைக்கும். கண்காட்சிக்கு இரண்டு மாதம் முன்னதாகவே தொடங்குங்கள்.